குழுவில் வேண்டாம், வீட்டுக்கு எழுதும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கல்வியியற் கல்லூரி முடித்த கையோடு ஆரம்பப்பிரிவில் நியமனம் கிடைத்தது நல்ல செய்தி. தரம் 3 தந்திருக்கிறார்கள், பெற்றோருக்கு வட்ஸ்அப் குழுவும் தொடங்கியாயிற்று என்று எழுதியிருந்தீர். தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அதில் போடலாமா என்றும் கேட்டிருந்தீர். போடவேண்டாம்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் இந்தக் குழுக்கள் யாரும் யோசித்துத் தொடங்கியவை அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, வைபரிலும் வட்ஸ்அப்பிலும் பயிற்சித்தாள் அனுப்பத் தொடங்கினோம். 2021 யூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தின. ஒக்டோபர் கடைசியில்தான் சிறிய பள்ளிகளின் ஆரம்பப்பிரிவு முதலில் திறந்தது. 2022இல் பெற்றோல் இல்லாமல் திரும்பவும் போனுக்கே போனோம். நெருக்கடி கழிந்தும் குழுக்கள் கலையவில்லை. அந்த அவசரத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கங்களும் போகவில்லை. வகுப்புப் பிள்ளைகள் எல்லாருடைய புள்ளிகளையும் ஒரே தாளில் எழுதி, படம் பிடித்துப் போடுவது அதில் ஒன்று.

அந்தப் படத்தில் கடைசிப் பெயர் யாருடையதோ, அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடக்கும் என்று நினைத்துப் பாரும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கு ஊரே காத்திருக்கும் யாழ்ப்பாணக் குடாநாடு இது. அந்தப் பெறுபேற்றைக்கூடப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பிள்ளையின் சுட்டெண்ணைத் தட்டித்தான் பார்க்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையின் கணிதப் புள்ளியை மட்டும் ஊருக்குக் காட்டுவதில் என்ன நியாயம்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறுவர் பற்றிய தரவைத் தனிக்கவனம் வேண்டிய வகையில்தான் சேர்த்திருக்கிறது. சட்டம் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை.

சரி, வீட்டுக்கு எதை அனுப்புவது? ‘கணிதம் 48, முயற்சி போதாது’ என்று எழுதினால் தாய் ரியூசனுக்கு இடம் தேடுவார், அல்லது அகப்பைக்காம்பைத் தேடுவார். பிள்ளை செய்த கணக்கைப் பாரும். 43இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 34 என்று எழுதியிருக்கும். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் கீறிவிடாதேயும். ஒன்றாமிடத்தில் 3இலிருந்து 7 போகாது, அதனால் 7இலிருந்து 3ஐக் கழித்து 4 போட்டிருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று தனக்கொரு விதி வைத்திருக்கிறது பிள்ளை. பத்தைக் குலைக்கலாம் என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தாய்க்கு மட்டும் அனுப்பி, இப்படி எழுதும்: “கூட்டல் நன்றாகச் செய்கிறா. கழித்தலில் பத்தைக் குலைக்கப் பழகவேண்டும். ஈர்க்கிலை 43 துண்டு முறித்து, பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கோ. பிறகு 17 எடுக்கச் சொல்லுங்கோ. கட்டை அவவே அவிழ்க்கட்டும்.” அடுத்த கிழமை அதே வகைக் கணக்கொன்றின் படத்தையும் அனுப்பும். முன்னேற்றம் என்றால் என்னவென்று அந்த இரண்டு படமும் காட்டும்.

வாசிப்புக்குக் குரல்பதிவு நல்லது. தை மாதம் அரை நிமிடம், சித்திரை விடுமுறைக்கு முன் அரை நிமிடம். எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தகப்பன் ரொறன்ரோவிலோ கட்டாரிலோ. ரொறன்ரோ எங்களைவிட ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வரமுடியாத அந்த மனிதர், வேலைக்குப் போகிற பேருந்தில் மகள் எழுத்துக்கூட்டுவதைக் கேட்கலாம். இணையம் எங்களுக்குச் செய்த உபகாரங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஆனால் பிள்ளையிடம் கேட்டுவிட்டு அனுப்பும். வேண்டாம் என்றால் விடும்.

வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும் குடும்பங்கள் குருநகரிலும் உண்டு, நெடுந்தீவிலும் உண்டு. டேட்டா போட வழியில்லாத வீடும் இருக்கும். அவர்களுக்கு அதே வசனங்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதும். பிள்ளையை அம்மம்மா பார்க்கிறா, அவவுக்கு வாசிப்பு வராது என்றால், பள்ளி விடும் நேரம் படலையடியில் நின்று வாயால் சொல்லும். போன் வைத்திருப்பவரின் பிள்ளைக்கு மட்டும் ரீச்சர் கிடைப்பது சரியில்லை.

இத்தனை பேருக்கும் எழுத நேரம் எங்கே என்பீர். எல்லாருக்கும் ஒரே நாளில் எழுதச் சொல்லவில்லை. நாளுக்கு இரண்டு பேர் போதும். இரவு எட்டு மணிக்குப் பிறகு வரும் கேள்விக்கு அடுத்த நாள் பதில் சொல்லும். தாய்மார் கோபிக்கமாட்டார்கள். கோபித்தாலும் இரண்டு கிழமையில் பழகிவிடுவார்கள்.

குழு இருக்கட்டும். விடுமுறை, விளையாட்டுப்போட்டி, மழையால் பள்ளி இல்லை என்ற அறிவித்தலுக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆனால் உமக்கு முன் அந்த வகுப்பை எடுத்தவரின் பழைய குழுவில் இன்னும் புள்ளிப் பட்டியல் கிடக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுப் பாரும். கிடந்தால் அழிக்கச் சொல்லும்.

அன்புடன்,
உமது அக்கா