ஒரே 600 மி.மீ., மூன்று விலை

காட்டுயிர்ப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்ட வாடிக்கையாளர் ஒருவர், மூன்று விலைப்புள்ளிகளுடன் எங்களிடம் கடன் கேட்டு வந்தார். விலை மிகுந்ததையே அவர் விரும்பினார். இல்லத்தரசியின் நகைகளையும் ஈடுவைக்க ஆயத்தமாயிருந்தார். மூன்றும் நிக்கான் நிறுவனத்தின் டெலிபோட்டோ லென்ஸ்கள். மூன்றும் 600 மி.மீ. குவியத் தூரத்தை எட்டுபவை. விலையோ ஏணி வைத்தாலும் எட்டாது. அமெரிக்காவில் அவற்றின் அறிமுக விலை, 180-600 ஜூம் லென்ஸுக்கு ஏறத்தாழ 1,700 டாலர். 600 எஃப் 6.3 லென்ஸுக்கு 4,800. 600 எஃப் 4 லென்ஸுக்கு 15,500. எட்டும் தொலைவு ஒன்றாயிருக்க, விலை ஒன்பது மடங்காவது ஏன்? வணிகவியல் பயின்ற எங்களுக்கு இது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயிலின் விட்டம் கிடைக்கும். எஃப் 4-க்கு அது 150 மி.மீ.; எஃப் 6.3-க்கு 95 மி.மீ. பரப்பில் இது இரண்டரை மடங்கு. அவ்வளவு பெரிய கண்ணாடியைக் குறையின்றித் தீட்டுவதற்கே பெரும்பணம் செல்கிறது. பயன் என்ன? ரந்தம்பூரில் மங்கிய அந்தியொளியில், எஃப் 6.3 லென்ஸ் நொடியில் 400-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்தில், எஃப் 4 லென்ஸுக்கு 1000-இல் ஒரு பங்கே போதும். பாயும் புலியின் உருவம் கலங்காது. உள்ளமைந்த 1.4 மடங்கு பெருக்கியால் அது 840 மி.மீ. வரையும் நீளும்.

ஆனால் அதன் எடை 3,260 கிராம். எஃப் 6.3 லென்ஸ் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. பரத்பூரில் பறவைகளைத் தேடி நடப்பவரின் தோளுக்கு இதன் அருமை தெரியும். ஜூம் லென்ஸும் 600 மி.மீ.யில் எஃப் 6.3 தான். யானை ஜீப்பருகே வந்துவிட்டால் அதுவே கைகொடுக்கும். தொழிலில் புதிதாக இறங்குபவருக்கு அதுவே போதும் என்பது எங்கள் கருத்து.

ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடன் என்று கொள்வோம். 15 லட்சத்துக்கு மாதத் தவணை 49,821 ரூபாய்; 5 லட்சத்துக்கு 16,607. மங்கிய ஒளியில் ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை என்று வினவினோம். நாட்குறிப்பைப் புரட்டியவர், இருபத்திரண்டு என்றார். அந்நாள்களுக்கு எஃப் 4 லென்ஸை வாடகைக்கு எடுப்பதென்றும், எஃப் 6.3 லென்ஸை வாங்குவதென்றும் முடிவாயிற்று. நகைகள் வீட்டிலேயே இருக்கின்றன.

சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு பெற்றவர், தொழிலுக்காக வாங்கும் லென்ஸுக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கோரலாம். அவ்வரித் தொகையையும் சேர்த்துத் தேய்மானம் கணக்கிட்டால் அவ்வரவு கிட்டாது. காப்பீடு எடுக்கும்போது, பயணத்தில் நேரும் சேதமும் அதில் அடங்குமா என்று பத்திரத்தைப் படித்துப் பார்த்தே கையொப்பமிடுங்கள்.