மன்னார்க் கரையில் ஒரு புதுமனை: உள்ளமைப்புச் செய்யும் முறை

மன்னார்த் தீவிலும் அதையடுத்த கரையோரத்திலும், வீட்டுக்காரர் தம் விருப்பப்படி வரைபடம் வரைவித்து, நின்று பார்த்துக் கட்டுவித்த புதுமனை ஒன்று, குடிபுகுந்து இரண்டு மாரி கழியுமுன் பிணைச்சல் துருவேறி, சுவர் உப்புப் பூத்து, அலுமாரிக் கதவு சாத்த மறுத்து நிற்குமானால், அதற்குக் காரணம் அழகுணர்ச்சியின் குறைவன்று. உள்ளமைப்பை மேற்கொண்டவர் காற்றையும் உப்பையும் மணலையும் முதலில் கணக்கிலெடுக்காமல், வர்ணத்தையும் திரைச்சீலையையும் முதலில் தெரிந்தெடுத்தமையே என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே இத்தொழிலில் புதிதாக இறங்குவோர், சுவர் எழும்பிப் பூச்சு வேலை தொடங்குமுன்னரே வீட்டுக்காரரைச் சந்திப்பது உத்தமம்.

முதற் காரியம் சம்பாஷணை. 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்த மினெற் டி சில்வா, அங்கே குடியேறப் போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களுடைய வாழ்முறையைக் கேட்டறிந்த பின்னரே வரைபடங்களை முடித்தார். அந்த மரியாதை நமக்கும் வேண்டும். பணம் அனுப்பும் மகன் கனடாவில் இருக்கலாம். ஆனால் வருஷம் முழுவதும் அந்த வீட்டில் நடமாடப் போகிறவர் தாயாரே என்றால், கேள்வி அவரிடமே போகவேண்டும். “அம்மா, மீன் எங்கே இருந்து வெட்டுவீங்கள்? விறகடுப்பை விடப் போறீங்களோ, வைச்சிருக்கப் போறீங்களோ?” என்று கேட்டால், பின்பக்கத்தில் தண்ணீர்க் குழாயுடன் ஒரு தாழ்வான கல்மேடையும், உள்ளே வாயு அடுப்புக்கு ஒரு குசினியும், வெளியே விறகுக்கு ஒரு சாய்ப்பும் வேண்டுமென்பது தானே வெளிப்படும். கத்தோலிக்கர் வீடாயின் சுரூபத்துக்குரிய இடம், சைவர் வீடாயின் சாமியறை, முஸ்லிம்கள் வீடாயின் ஒளூச் செய்யும் இடமும், மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த கிப்லாத் திசையை நோக்காமலும் அதற்குப் புறங்காட்டாமலும் மலசலகூட இருக்கை அமைவதும் ஆரம்பத்திலேயே நிச்சயிக்கப்பட வேண்டியவை; சீமெந்து இறுகிய பின் இவற்றை மாற்றுவது வீண் செலவு.

அடுத்தது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகமும், மாரிகாலத்தில் வடகிழக்கிலிருந்து வாடையும் வீசும் இத்தீவில், அந்தச் சோளகத்தின் வலிமைக்குச் சாட்சியாக, 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் தென்கரையில் நிற்கின்றன. இவ்விரு காற்றும் ஒரே கோட்டில் எதிரெதிராக வருவதால், அக்கோட்டில் கூடத்தின் யன்னல்களை ஒன்றுக்கொன்று நேராகத் திறந்துவைத்து, தடுப்புச் சுவரோ உயரமான அலுமாரியோ குறுக்கே நில்லாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். குசினியை அக்கினி மூலையாகிய தென்கிழக்கில் வைப்பது சாஸ்திரம். அந்த மூலை இரு காற்றுக்கும் ஒதுங்கி நிற்பதால் புகை வீட்டுக்குள் புகுவதில்லை என்பது இங்கே பிரத்தியட்சம். வெயில் விஷயத்திலும் ஒரு ஜாக்கிரதை: மன்னார் ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். ஆகையால் வடக்குச் சுவருக்கு நிழல் வேண்டாமென்று விட்டுவிடலாகாது.

மூன்றாவது சுவர். இவ்விஷயத்தில் அவசரமே பெரிய சத்துரு. கடல்மணலிற் குழைத்த சாந்தும், உவர்க்கிணற்று நீரில் நனைத்த பூச்சும் உப்பை உள்ளே அடக்கி வைத்திருந்து, ஈரம் வெளிவரும்போது வெண்மையாகப் பூக்கும். பூச்சு முடிந்து நான்கு வாரமாவது சென்ற பின், ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நாற்புறமும் இடைவெளியில்லாமல் ஒட்டி, ஒருநாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். உட்புறத்தில் நீர்த்துளி கண்டால் வர்ணம் பூசக்கூடாது. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டுமேயன்றி, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். சுவரை மூச்சுவிட விடும் சுண்ணாம்புப் பூச்சு, பிளாஸ்டிக் கலந்த பளபளப்பு வர்ணத்திலும் இந்த மண்ணுக்கு உகந்தது.

தரைக்கு மெருகிட்ட சிவப்புச் சீமெந்தையே சிபாரிசு செய்வேன். பளபளப்பான வெள்ளை மாபிள் காற்றோடு வரும் மணலாற் கீறுண்டு ஒளியிழக்கும். ஈரக்காலுக்கு வழுக்கவும் செய்யும். வாசற்படியருகே நான்கடிச் சதுரத்தில் சற்றே தாழ்த்திய ஓரிடமும், கால் கழுவ ஒரு குழாயும் இருந்தால், மணலிற் பாதி அங்கேயே நின்றுவிடும். கட்டிலும் அலுமாரியும் ஆறு அங்குலக் காலில் நின்றால் விளக்குமாறு அடியிற் புகும்; அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே மூன்று அங்குலம் விட்டால் பூஞ்சணம் பிடியாது.

கதவு யன்னலுக்கு முதிரையும் பாலையும், கைமரத்துக்கு முற்றிய பனையும் நம் முன்னோர் சோதித்துத் தெரிந்தவை. அமுக்கிய மரத்தூள் பலகை இங்கே ஈரங்குடித்து ஊதும். பிணைச்சலும் தாழ்ப்பாளும் பித்தளையாகவோ, 316 என்று குறியிட்ட துருப்பிடிக்கா உருக்காகவோ இருக்கட்டும். மலிவான 304 உருக்கு உப்புக்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். கண்டியில் 1951 அளவில் நிறைவேறிய கருணாரத்ன இல்லத்தில், தும்பறை நெசவுப் பாய்களைக் கதவின் பலகையிடங்களில் மினெற் டி சில்வா பதித்தார். பனையோலைக்குப் பெயர்பெற்ற நம் கரையில், அலுமாரிக் கதவுக்கு ஓலைப்பாயைச் சட்டத்திற் பொருத்தினால் காற்றும் உட்புகும், ஊர்ப் பெண்களின் கைவேலைக்கு ஊதியமும் கிடைக்கும். இதனைப் போன்ற நல்ல காரியம் வேறில்லை.

தளபாடம் செய்யக் கொடுக்குமுன், தரையிற் சோக்கட்டியால் கட்டில், மேசை, அடுப்புமேடை யாவற்றையும் உண்மை அளவிற் கோடிட்டு, வீட்டாரை அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். காகிதப் படத்துக்குத் தலையசைத்தவர், கோட்டுக்குள் நின்றவுடன் “தம்பி, இது இடிக்குமே” என்பார். வழி மூன்றடி இருக்கிறதா, அடுப்புமேடை சமைப்பவரின் முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே வருகிறதா என்பதையும் அப்போதே அளந்துகொள்ளலாம்.

திறப்பைக் கையளிக்கும் நாளில், மாதம் ஒருமுறை இரும்புச் சாமான்களை நன்னீரிற் கழுவித் துடைப்பதும், சோளகம் பிறக்குமுன் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவதும் எழுதிய தாளொன்றை வீட்டாரிடம் கொடுங்கள். கூலி வாங்கியதோடு கடமை முடிந்ததென்று கருதாமல், வரும் முதற் சோளகத்தில் ஒருமுறையும் முதல் மாரியில் ஒருமுறையும் அந்த வீட்டுக்குப் போய், ஒவ்வொரு கதவையும் உங்கள் கையாலேயே திறந்து சாத்திப் பாருங்கள்.