செக்கிங் அக்காவின் காலடிக் கணக்கு

திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆபீஸ், கட்டிங், டெய்லர், செக்கிங், பேக்கிங் எல்லாரையும் குழு குழுவாகப் பிரித்து ஒரு நடைப் போட்டி வைக்கணும். எந்த ஆப் நல்லது?"

ஆப் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வேலை நேரத்தில் போன் எங்கே இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. பல யூனிட்களில் உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். மெர்ச்சண்டைசரின் போன் அவர் சட்டைப்பையிலேயே மாடி ஏறி இறங்குகிறது. காலை எட்டரைக்கு வந்து ஒன்றரை ஷிப்ட் நின்றே பீஸ் பார்க்கும் செக்கிங் அக்காவின் போன் லாக்கரில் தூங்குகிறது. ஆப்பைக் கேட்டால் அவர் நடந்தார், இந்த அக்கா சும்மா இருந்தார் என்று சொல்லும்.

நான் முதன்முதலில் உடனிருந்து நடத்திக்கொடுத்த போட்டியில் இதை யோசிக்கவில்லை. முதல் மூன்று இடமும் ஆபீஸ் குழுக்களுக்கே போயின. இரண்டாம் வாரத்திலேயே டெய்லர்கள் ஆப்பை அழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் போன் எண்ணும் மொத்தக் காலடிகளை வைத்து யாருக்கும் பரிசு கொடுத்ததில்லை.

குழுப் போட்டியால் பயன் உண்டா என்று முதலாளிகள் கேட்பார்கள். நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. மும்பையிலிருந்து நடத்தப்பட்ட 'ஸ்டெபத்லான்' போட்டியில் ஐந்து பேர் ஒரு குழு, நூறு நாள் ஆட்டம், ஆளுக்கொரு பெடோமீட்டர். 2012 முதல் 2014 வரை அதில் கலந்துகொண்ட 69,219 பேரின் கணக்கு 2016-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. நாளுக்குச் சராசரியாக 3,500 அடிகளுக்கு மேல் கூடியிருந்தது. எடையும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. ஆனால் அந்த எண்களைப் பதிந்தவர்கள் பங்கேற்றவர்களே. பங்கேற்காத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. அப்படி ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2016-ல் தன் ஊழியர்களில் ஐயாயிரம் பேர் அளவுக்குச் சேர்த்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் உடல்நலத் திட்டத்துக்கு அழைத்தது. மருத்துவச் செலவில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆர்வமாக வந்து சேர்ந்தவர்களோ முன்பே செலவு குறைவாக இருந்தவர்கள். நம் கம்பெனிக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பேர் கொடுத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மகிழாதீர்கள். பேர் கொடுக்காதவர் யார், ஏன் என்று பாருங்கள்.

இனிக் குழு. ஐந்து பேர் சரியான அளவு. ஒரு டெய்லர், ஒரு கட்டிங் ஆள், ஒரு செக்கிங், ஒரு பேக்கிங், ஒரு ஆபீஸ் ஸ்டாஃப் எனக் கலந்து போடுங்கள். லைன் சூப்பர்வைசரை அவர் லைன் ஆட்கள் இருக்கும் குழுவில் சேர்க்கவே கூடாது. வேலையில் வாங்கும் திட்டு போதும், நடக்கவில்லை என்றும் அவரிடம் திட்டு வாங்க வேண்டாம்.

முதல் வாரம் போட்டியே வேண்டாம், எண்ண மட்டும் செய்யுங்கள். ஷிப்டுக்கு வெளியே ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு நடக்கிறார் என்பது தெரியட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து தன் சராசரியை விட ஆயிரம் அடி கூட நடந்தவருக்கு அன்று ஒரு புள்ளி. ஐயாயிரம் கூட நடந்தாலும் அதே ஒரு புள்ளிதான். இல்லையென்றால் யாராவது ஒருவர் முழங்கால் வீங்க நடந்து மொத்தக் குழுவையும் தூக்கிச் சுமப்பார். பத்தாயிரம் என்ற எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயர் 'பத்தாயிரம் அடி மானி'. அந்த எண் பரவியது அங்கிருந்துதான். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் 4,400 அடியிலேயே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

நாள் முழுக்க நிற்பவருக்கு மேலும் நடக்கச் சொல்வது சிகிச்சையா தண்டனையா என்பதையும் யோசிக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி தரும் பலனை, வேலையில் ஓயாமல் உழைப்பது உடம்புக்குத் தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஆகவே செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆட்களுக்குப் புள்ளி வேறு வழியில் வரட்டும். கெண்டைக்காலை நீட்டி இழுத்தல், சுவரில் கை ஊன்றிப் பத்து முறை தள்ளுதல், கால்களை உயர்த்தி வைத்து ஐந்து நிமிடம் உட்காருதல் இவையெல்லாம் புள்ளிதான். ஓவர்லாக்கில் குனிந்தே இருக்கும் டெய்லருக்குக் கழுத்தும் தோள்பட்டையும் முக்கியம். அவர் எழுந்து நடப்பதும் நல்லது. இந்தப் பயிற்சிகளை எந்த ஆப்பும் எண்ணாது. கேன்டீன் சுவரில் ஒரு சார்ட், பக்கத்தில் ஒரு பேனா, அவ்வளவு போதும். போன் இல்லாதவரும், வீட்டில் ஒரே போனைப் பகிர்பவரும் ஆட்டத்துக்குள் வர இதுவே வழி.

நேரம் யாருடையது? இதில்தான் பெரும்பாலான போட்டிகள் தோற்கின்றன. சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கம்பெனி வண்டி பிடிக்கும் பெண்ணுக்குக் காலையில் நேரமில்லை. இரவு எட்டரைக்கு மேல் ஊத்துக்குளி ரோட்டில் நடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், கம்பெனிக்குள்ளேயே, சம்பள நேரத்தில் கொடுங்கள்; அந்த நடையும் புள்ளிக் கணக்கில் சேரட்டும். இருநூறு பேருக்கு நாளொன்றுக்கு 33 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்தச் செலவை ஏற்க மனமில்லை என்றால் போட்டியே வைக்காதீர்கள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குப் பத்து நிமிடம் என்பது கைக்காசு. அதற்கு ஈடாக ஒரு தொகையைச் சனிக்கிழமைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுக்காமல் அவரை நடக்கக் கூப்பிடுவது நியாயமில்லை.

நூறு நாள் நமக்கு ஒத்துவராது. ஆட்கள் ஊருக்குப் போவார்கள், ஷிப்மெண்ட் நெருங்கும், எல்லாம் சிதறும். ஆறு வாரம் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயில் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி நல்லது. தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். அரசின் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வேலையிடத்திலேயே பரிசோதனை செய்வதற்காக 2024-ல் வந்த திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நெஞ்சு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன பிறகு சேரட்டும்.

அடுத்தது தகவல். பெண்களையும் ஆண்களையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எல்லாப் பெண்களின் எண்ணும் எல்லார் கைக்கும் போய்விடும். பிராட்காஸ்ட் முறையில் அனுப்புங்கள். ஆப்பில் இருப்பிடம் காட்டும் வசதியை அணைத்துக் கொடுங்கள். ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப் 2017-ல் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களே தெரிந்துவிட்டன; நம் ஹாஸ்டல் பெண் நடக்கும் பாதை தெரியாதா? எடை, நோய் விவரம் எதையும் எச்.ஆர். கேட்க வேண்டாம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதிர்பார்க்கும் சம்மதம் தாமாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். கடைசி இடத்தில் இருக்கும் பெயர்களைப் பலகையில் எழுதவே கூடாது. ஒடிசா, பீகார் ஆட்களுக்கு விதிகளை அவர்கள் மொழியிலேயே ஒருவர் நேரில் சொல்ல வேண்டும்.

ஆப் என்று பார்த்தால், அரசின் ஃபிட் இந்தியா ஆப் இலவசம். பெரும்பாலான போன்களில் உள்ள ஹெல்த் ஆப்பே போதும். எதை எடுத்தாலும் நூறு அடி எண்ணி நடந்து சோதியுங்கள். பைக்கில் குலுங்கினாலும் சில போன்கள் அடி எண்ணும். ரொக்கப் பரிசு வைத்தால் போனைக் கையில் வைத்து ஆட்டுபவர்கள் வருவார்கள். ஜெயித்த குழுவுக்குச் சம்பளத்தோடு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகும் அனுமதி கொடுத்துப் பாருங்கள்.

போட்டி முடிந்த மறுநாளும் மதியம் அந்தப் பத்து நிமிட பெல் அடிக்கட்டும். அடுத்த ஷிப்மெண்ட் அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும். அதனால் தொடங்கும்போதே புரொடக்‌ஷன் மேனேஜரிடம் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.