உவமைக் கற்கள்

நுழையும்முன்

நிலவுக்கும் செவ்வாய்க்கும் செல்லும் கலங்களைப் பற்றி நாளிதழ்களில் படிக்கிறோம். அவை சென்று சேரும் நிலம் எத்தகையது என்பதைப் புறப்படும் முன்னரே அறிந்தாக வேண்டும். அவ்வறிவைத் தருவதில் தமிழகப் பாறைகளுக்கும் பங்குண்டு. அப்பங்கினை இப்பாடம் விளக்குகிறது.

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமீது அமைந்த சிற்றூர் காவலூர். 1960களின் இறுதியில் அங்கு வானாய்வு தொடங்கிற்று. இன்று வைணு பாப்பு வானாய்வகம் என வழங்கும் அவ்விடத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. 1977இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் முன்னரே அவ்விண்மீனின் ஒளி சற்று மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தனர். அக்கோளுக்கு வளையங்கள் உண்டு என்னும் உண்மை, அவ்வாண்டில் பல இடங்களில் கிடைத்த இத்தகைய பதிவுகளால் வெளிப்பட்டது.

ஒளி இவ்வளவு சொல்லும். ஆயினும், ஒரு பாறை எப்போது உருகியது, எவ்வாறு ஆறியது, நீர் அதனைத் தொட்டதா என்பவற்றை ஐயமற அறியக் கல்லே கைக்கு வரவேண்டும். வந்தாலும் அது தானாகப் பேசிவிடாது. பேசவைக்கும் முறை ஒன்று உண்டு.

தொலைநோக்கியைத் தாங்கி நிற்கும் மலையையே சான்றாகக் கொள்வோம். ஜவ்வாது மலையில் சார்னோக்கைட் என்னும் பாறை காணப்படுகிறது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அவர் பெயரையே அப்பாறைக்கு இட்டார். சென்னைப் பரங்கிமலையில் மிகுதியாகக் கிடைக்கும் பாறைக்கு வங்கத்துக் கல்லறை பெயர் தந்தது வியப்பே! வெயிலிலும் மழையிலும் கிடந்த சார்னோக்கைட்டின் புறம் பழுப்பேறியிருக்கும். சுத்தியலால் உடைத்தால் உள்ளே கருமை கலந்த புது முகம் தெரியும். ஆய்வாளருக்கு வேண்டியது அம்முகம்.

அதிலிருந்து ஒரு சில்லை வைரப்பல் பதித்த வாளால் அறுத்தெடுப்பர். ஒரு பக்கத்தைத் தேய்த்து மழமழப்பாக்கிக் கண்ணாடித் துண்டில் ஒட்டுவர். பிறகு மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்குவர். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்வரை தேய்ப்பு தொடரும். அந்நிலையில் கருங்கல்லும் ஒளியை ஊடுருவவிடும். தளவிளைவு நுண்ணோக்கியின்கீழ் வைத்துத் திருப்பினால், ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய நிறத்தைக் காட்டும். குவார்ட்ஸ் சாம்பல் நிறத்தில் தோன்றினால் தடிமன் சரி. மஞ்சளோ சிவப்போ கண்டால் இன்னும் தேய்க்க வேண்டும். சற்றே மிகுதியாகத் தேய்த்துவிட்டாலோ கல் கரைந்து கண்ணாடி மட்டுமே எஞ்சும். பொறுமையற்ற கைக்கு இவ்வேலை வாய்ப்பதில்லை.

இவ்வாறு அறிந்த ஒரு கல்லைக் கொண்டு அறியாத கல்லை விளக்குவதும் உண்டு. இலக்கணம் அதனை உவமை என்னும். முகத்திற்குத் தாமரை உவமையாவது பொதுத்தன்மையால். நிலவின் மேட்டுநிலத்திற்கு உவமையாக ஆய்வாளர்கள் தேர்ந்தது, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறை. 1971இல் அப்போலோ 15 பயணத்தினர் நிலவிலிருந்து கொணர்ந்த 'ஆதிக்கல்' எனப் புகழ்பெற்ற மாதிரியும் அனார்த்தோசைட்டே.

சந்திரயான்-2 கலத்திற்குத் தரையிறங்கும் ஒத்திகை தேவைப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் சித்தம்பூண்டிப் பாறையின் தகுதியை எடுத்துக்காட்டினர். பாறை உடைக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, நிலவு மண்ணின் துகளளவுக்கேற்பப் பக்குவமாகி, ஏறத்தாழ 50 டன் அளவில் பெங்களூரு சென்றது. ஊர்தியின் சக்கரங்கள் அம்மண்ணில் ஓடிப் பழகின. இம்மண்ணை உருவாக்கும் முறைக்கு இஸ்ரோ 2020இல் காப்புரிமை பெற்றது.

எவ்வுவமையும் முற்றுவமை ஆவதில்லை. சித்தம்பூண்டிப் பாறை புவியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பட்டு மாறியது. அதில் ஹார்ன்பிளெண்ட் என்னும் கனிமம் உண்டு. அக்கனிமத்தின் அமைப்பிலேயே நீரின் கூறு அடங்கியுள்ளது. நிலவின் அனார்த்தோசைட்டில் அஃது இல்லை. நிலவு மண்ணிலோ விண்கற்கள் மோதி உருக்கிய கண்ணாடித் துகள்கள் உள்ளன; அரைத்த மண்ணில் அவை இல்லை. சக்கரத்தைச் சோதிக்க இவ்வேறுபாடுகள் பெருந்தடையல்ல. நீரைத் தேடும் கருவியைச் சோதிக்க அதே மண்ணைப் பயன்படுத்தினால் முடிவு பிழைபடும்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்கு கலம் இலக்கை எய்தவில்லை. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. பிரக்யான் ஊர்தி 23 இடங்களில் மண்ணை அளந்தது. அம்மண்ணில் அனார்த்தோசைட் வகைப் பாறையின் கூறே மேலோங்கியிருந்தது என 2024இல் ஆய்வுக்கட்டுரை வெளியாயிற்று.

செவ்வாய்க்கான ஒத்திகை இதனினும் கடினமானது. அங்குத் தேடப்படுவன உயிரின் தடயங்கள். அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்திலும், 2025 ஆகஸ்டில் நம் லடாக்கின் சோ கர் உப்பேரிக் கரையிலும் இத்தகைய ஒத்திகைகள் நடந்துள்ளன. மாதிரி எடுக்கும் முறைகளைச் செப்பம் செய்வது லடாக் ஒத்திகையின் நோக்கங்களுள் ஒன்று. தடித்த கையுறைக்குள் இருக்கும் விரல்களுக்குக் கல்லின் சொரசொரப்புத் தெரியாது. ஆகவே, வெறுங்கையால் எளிதில் செய்வதையும் புதிதாகப் பழக வேண்டும். எடுப்பதற்கு முன் கல்லைக் கிடந்த நிலையில் படம்பிடித்து, மேற்புறம் எது எனக் குறிக்க வேண்டும். அடையாளம் இழந்த கல், ஆய்வுக்கூடத்தில் வெறுங்கல்லே.

அனைத்திலும் பெரிய இடர், ஆய்வாளரே. அவருடைய தோலிலும் மூச்சிலும் நுண்ணுயிரிகள் உள்ளன. ஒரு துளி வியர்வை கல்லில் பட்டால், 'செவ்வாயில் உயிர்' என்னும் பொய்ச்செய்தி பிறக்கலாம். 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தி 43 மாதிரிக் குழாய்களைக் கொண்டு சென்றது. அவற்றுள் ஐந்து, கல்லை நிரப்புவதற்கு உரியன அல்ல. 'சாட்சிக் குழாய்கள்' எனப் பெயர் பெற்றவை. மாதிரி எடுக்கும் சூழலில் அவற்றைத் திறந்து வைத்து, பின்னர் மூடி முத்திரையிடுவர். கற்குழாயில் கண்ட பொருள் சாட்சிக் குழாயிலும் காணப்படுமாயின், அது புவியிலிருந்து உடன் சென்ற மாசு எனக் கொள்ளலாம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் கிடைக்கும் ஒரு கல்லைக் கிடந்த நிலையில் படம் வரைந்து, இடம், நாள், மேற்புறம் ஆகியவற்றைக் குறித்து, உடைத்த முகத்திற்கும் பழைய முகத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து வரிகளில் எழுதுக.

சித்தம்பூண்டிப் பாறைக்கும் நிலவு மண்ணுக்கும் உள்ள பொதுத்தன்மையையும் வேறுபாட்டையும் உவமை, உவமேயம் என்னும் நோக்கில் வகுப்பில் கலந்துரையாடுக.