முதலாண்டு கல்லூரி: வீட்டில் சொல்வதும் உண்மையும்

‘நாற்பது சதவீதம் இல்லையே, ஒன்றும் கிடைக்காது.’

கலந்தாய்வு நேரத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பாதிதான் சரி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அந்த இடத்துக்குத்தான் 40 சதவீதக் குறைபாடு உண்டு என்ற சான்று தேவை. தேர்வில் ‘சொல்வதை எழுதுபவர்’ கேட்க அந்த வரம்பு இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள விகாஷ் குமாரின் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதச் சிரமம் உண்டு என்ற அரசு மருத்துவச் சான்று கையில் இருக்கட்டும்.

‘வெளியே சொல்லாமல் சமாளிக்கலாம்.’

கற்றல் குறைபாடு, மனநலச் சிக்கல் போல, பார்த்தால் தெரியாதவற்றில் இந்தத் தயக்கம் அதிகம். பள்ளியில் வகுப்பாசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும். கல்லூரியில் பாடத்துக்கு ஒருவர் வந்து போவார். தாமாகக் கேட்க மாட்டார்கள். வகுப்பு முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. துறைத் தலைவருக்கும் தேர்வுப் பிரிவுக்கும் முதல் மாதமே எழுதிக் கொடுத்தால் போதும். ஹால் டிக்கெட் வந்தபிறகு ஓடினால் தேர்வு எழுதித் தர ஆள் கிடைக்காது.

‘நான் கூடவே இருந்தால்தான் நடக்கும்.’

பாசத்தில் பிறக்கும் இந்த நம்பிக்கைதான் பிள்ளையை அதிகம் முடக்குகிறது. அட்மிஷன் மேசையைக் கவனியுங்கள். பார்வையற்ற மாணவி நிற்பாள், கிளார்க் அம்மாவைப் பார்த்து, “பொண்ணு என்ன குரூப் படிச்சுது?” என்பார். அம்மாவும் பதில் சொல்லிவிடுவார். அம்மா செய்ய வேண்டியது ஒன்றுதான்: “அவகிட்டயே கேளுங்க சார்.”

அதற்கான பயிற்சியைக் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். பஸ் நிறுத்தத்திலிருந்து வகுப்பறை, கழிப்பறை, கேன்டீன் வரை கூட்டம் இல்லாத நாளில் இரண்டொரு முறை கூடப் போங்கள். பிறகு நீங்கள் வாசலில் நில்லுங்கள். மருந்து நேரத்தை அவளே பார்த்துக்கொள்ளட்டும். மனுவை அவளே எழுதி, வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். தடுமாறினால் குறுக்கே புகாதீர்கள்.

‘கூடுதல் நேரம் கேட்டால் சலுகை என்பார்கள்.’

சலுகை அல்ல. ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தரவேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கும்போது அந்தத் தாள் உதவும்.