மீன் தொட்டிக்கு ஒரு எக்ஸெல் ஷீட்

எக்ஸெல் என்றால் சம்பளக் கணக்கும் மார்க் பட்டியலும்தான் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் நினைக்கிறார்கள். அது வீட்டு மீன் தொட்டிக்கும் உதவும். நான் தாம்பரத்தில் வசிக்கும் சாப்ட்வேர் இன்ஜினியர். என் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் வளர்கின்றன. அவற்றின் தண்ணீரைக் கண்காணிக்க நான் வைத்திருக்கும் ஒர்க் ஷீட்டைப் பத்து நிமிடத்தில் நீங்களும் தயாரித்துவிடலாம்.

எந்தத் தண்ணீர்?

கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் வாங்கும் சிக்லிட்களில் பலவற்றின் தாயகம் ஆப்பிரிக்காவின் மாலாவி ஏரி. அந்த ஏரி நீரின் பி.ஹெச். சுமார் 7.7 முதல் 8.6 வரை இருக்கும். தொட்டியின் வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் குழாய் முனையில் வெள்ளைப் படலம் படிய வைக்கும் போர் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடின நீர் இந்த மீன்களுக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். தேவையான தாது உப்புகள் அதில் மிகவும் குறைந்திருக்கும். போர் தண்ணீரை ஒரு நாள் காற்று பம்ப் ஓட விட்டு வைத்த பிறகு பி.ஹெச். பாருங்கள். எடுத்த உடனே பார்த்தால், கரைந்துள்ள கரியமில வாயுவால் அளவு குறைவாகக் காட்டலாம்.

ஏன் கணக்கு?

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மின்சாரம் போய் பில்டர் பல மணி நேரம் நின்றால் இந்த வேலை கெடும், அம்மோனியா ஏறும்.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம். மற்றொன்று, செவுள்களைத் தாக்கும் விஷ அம்மோனியா. சாதாரண டெஸ்ட் கிட் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். பி.ஹெச். ஏற ஏற விஷப் பங்கு கூடுகிறது. வெப்பம் ஏறினாலும் கூடுகிறது. ஆகவே வேறு மீன் வளர்க்கும் நண்பர் 'இந்த அளவு பரவாயில்லை' என்று சொன்னால், அது சிக்லிட் தொட்டிக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஷீட் தயாரிப்போம்

எக்ஸெலைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ1ல் தேதி, பி1ல் பி.ஹெச்., சி1ல் வெப்பநிலை, டி1ல் மொத்த அம்மோனியா, இ1ல் விஷ அம்மோனியா, எஃப்1ல் மாற்ற வேண்டிய நீர்.

இரண்டாம் வரிசையில் தேதி, 8.4, 28, 0.5 என்று தாருங்கள். இனி இ2 கட்டத்தில் இந்த பார்முலா:

=டி2/(1+10^(0.09018+2729.92/(273.15+சி2)-பி2))

டி2, சி2, பி2 வரும் இடங்களில் அந்தந்தக் கட்டத்தை மவுஸால் கிளிக் செய்தால் போதும். பெயர் தானே வந்துவிடும். என்டர் தட்டுங்கள். விடை சுமார் 0.075. இப்போது பி2ல் 8.4ஐ அழித்து 7 என்று மாற்றுங்கள். விடை 0.0035 ஆகச் சுருங்கும். டெஸ்ட் கிட் காட்டியது அதே 0.5தான்; விஷமோ 21 மடங்கு வேறுபடுகிறது! மறுபடி 8.4 கொடுத்து, வெப்பநிலையை 31 ஆக்குங்கள். விடை 0.089. நம் ஊர் வெயில் காலத்தில் கவனம் தேவை என்பதற்கு இதுவே காரணம்.

சிவப்பு எச்சரிக்கை

விஷ அம்மோனியா லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினால் மீனுக்குத் தீங்கு. இ2லிருந்து கீழே சில கட்டங்களைத் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று சென்று 0.05 கொடுத்து ஓகே செய்யுங்கள். அளவு தாண்டினால் கட்டம் சிவப்பாகும்.

எவ்வளவு நீர் மாற்றுவது?

சிவப்பான வரிசையில் மட்டும் எஃப் கட்டத்தில் =1-0.05/இ2 என்று தந்து, பர்சென்ட் பட்டனை அழுத்துங்கள். வெப்பநிலையை மறுபடி 28 ஆக்கினால் 33% என்று வரும். இது குறைந்தபட்சம், நான் பாதித் தண்ணீரை மாற்றிவிடுவேன். புதுத் தண்ணீரின் பி.ஹெச்., வெப்பநிலை இரண்டும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் ஆன்ட்டி குளோரின் சேர்த்த பிறகே ஊற்றுங்கள். அன்று தீனி வேண்டாம். விஷத்தைக் குறைக்கிறேன் என்று மருந்து ஊற்றி பி.ஹெச்.ஐத் திடீரென இறக்காதீர்கள். அந்த மாற்றமே மீனைக் கொல்லக்கூடும்.

கடைசியாக ஒன்று. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, ஊரே லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. தண்ணீர் வரும் இடம் மாறினால் அதன் குணமும் மாறும். எனவே லாரி வந்த நாளையும் போர் தண்ணீர் பிடித்த நாளையும் தேதி பக்கத்தில் குறித்து வையுங்கள். வாரம் ஒரு வரிசை போதும். லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இதே பார்முலாக்கள் வேலை செய்யும். பைலை சேவ் செய்ய மறக்காதீர்கள்!