டிராக்டருக்கு நீட்டிப்பு உத்தரவாதம் அவசியமா?

டிராக்டருடன் கம்பெனியார் அளிக்கும் உத்தரவாதத்திற்குத் தனிக் கிரயமில்லை. அதன் கெடு தீர்ந்தபின் தொடரும் நீட்டிப்பு உத்தரவாதமோ பணங்கொடுத்துப் பெறுவது. அதை வாங்குமுன் குடியானவர்கள் மூன்று விஷயங்களை ஆலோசித்தல் நலம்.

முதலாவது, கெடு. அது வருஷம், ஓடிய மணி ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அதனுடன் முடியும். உதாரணமாக, 5 வருஷம் அல்லது 5,000 மணி என்றிருப்பின், சொந்த நிலத்தில் வருஷத்திற்கு 400 மணி ஓட்டுபவருக்கு 2,000 மணியிலேயே கெடு தீரும். வாடகைக்கு 1,250 மணி ஓட்டுபவருக்கு 4 வருஷத்தில் தீரும்.

இரண்டாவது, உறுப்புகள். டயர், பாட்டரி, கிளட்ச் தட்டு, வடிகட்டி முதலிய தேயும் உறுப்புகள் சாதாரணமாய் இதில் அடங்கா.

மூன்றாவது, நிபந்தனை. குறித்த மணியில் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் எண்ணெய் மாற்றி, ரசீதுகளைப் பத்திரப்படுத்தாவிடில் கோரிக்கை தள்ளப்படலாம்.

பட்டறை தூரமாயிருந்து இவற்றை அனுசரிக்க இயலாதவர், அத்தொகையைப் பழுதுச் செலவிற்கெனத் தனியே சேர்த்து வைத்தலே மேல். மிகுதியாய் ஓட்டுபவரும், எஞ்சின் பழுதின் செலவைக் கடனின்றித் தாங்க இயலாதவரும், நிபந்தனைகளை அனுசரிக்கக் கூடுமாயின் வாங்கலாம். எவராயினும் விற்பனையாளரின் வாய்மொழியை நம்பாது, பத்திரத்தை முழுதும் படித்த பின்னரே கையெழுத்திடுதல் வேண்டும்.